ஒரு பக்கமாக இழுத்த ரம்பம்

இன்று காலை குருசுக்குப்பத்தில் ஒரு வேப்ப மரத்தை அறுக்கப் போனேன். காற்றில் சாய்ந்து மதில்மேல் படுத்துக் கிடந்தது. நீ போன பிறகு நான் கை வைத்த முதல் மரம். ரம்ப மிஷினைப் போட்டு அழுத்தியதும் பச்சை வேம்பின் கசப்பு வாசனையோடு கருகல் வாசனையும் எழுந்தது. கருகல் வாசனை வந்தாலே ரம்பச் செயினின் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். செதில் செதிலாக விழ வேண்டிய தூள், சலித்த மாவு போலச் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. மிஷினை அணைத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தேன். இந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே பிடித்துவிடுவாயே என்று நினைத்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

மரம் அறுக்கிறவன் என்று ஊருக்கு என்னைத் தெரியும். அந்த ரம்பத்துக்குப் பல் தீட்டிக் கொடுத்தவள் நீ என்பது பல பேருக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் செயினைக் கடையில்தான் கொடுத்து வாங்குவேன். சுற்றுகிற கல்லில் வைத்து ஒரு நொடியில் தீட்டிக் கொடுத்துவிடுவார்கள். சூட்டில் பல்லின் முனை நீலம் பாய்ந்து போயிருக்கும். கொஞ்சம் அறுப்பதற்குள் மறுபடி மழுங்கிவிடும். நீ அதற்கு முன்பு மேட்டுப்பாளையத்து லேத் பட்டறை ஒன்றில் வார்ப்புச் சாமான்களின் பிசிறை அரத்தால் சீவிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் செயினைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இன்னா மாமா, பல்லையெல்லாம் சுட்டு வெச்சிருக்கானுங்க. ஒரு உருண்ட அரம் வாங்கியாந்து குடுங்க, நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அது உன் வேலையாகிவிட்டது. சாயங்காலம் டீ குடித்த பிறகு, பழைய மேஜையின் விளிம்பில் மிஷினை வைத்துக் கட்டிவிட்டு உட்காருவாய். ஒரு பக்கத்துப் பற்களை வலது கையால் தீட்டுவாய். மறுபக்கத்துக்கு அரத்தை இடது கைக்கு மாற்றிக்கொள்வாய். அரம் முன்னால் போகும்போது மட்டும் தேய்க்கும்; திரும்பி வரும்போது பல்லைத் தொடாமல் தூக்கிக்கொண்டு வரும். எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவுதான். நல்ல பல்லாக இருந்தாலும் மற்றதற்குச் சமமாக அதையும் தேய்த்துவிடுவாய். "ஒரு பக்கம் ஒசரமா, ஒரு பக்கம் கட்டையா இருந்தா மரத்துக்குள்ள கோணிக்கினு போவும், அப்பறம் நீங்க மிஷினோட மல்லுக்கு நிக்கணும்" என்பாய். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை எப்போதாவதுதான் தொடுவாய். அதை அதிகம் தேய்த்தால் மிஷின் மரத்தைக் கவ்வி உதறும் என்று எனக்கு அடிபடாமலே தெரிந்தது உன்னால்தான்.

வேலை முடிந்து வந்ததும் நான் சட்டையை உதறுவேன். தரையில் விழுவதைக் கிள்ளிப் பார்ப்பாய். செதிலாக இருந்தால் நேராகச் சோறு போடுவாய். தூளாக இருந்தால், "இன்னிக்கு மண்ணுல உட்டீங்களா, ஆணில உட்டீங்களா?" என்பாய். இரண்டு பேர் மட்டும் இருந்த வீட்டில் இதுதான் நம்முடைய தினப்படிப் பேச்சு. வெளியில் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

புயலடித்த மறுநாள் உனக்கு நினைவிருக்கும். வைத்திக்குப்பத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் வீட்டின் மேல் விழுந்து, மீன் விற்கும் சந்திரா உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று அவள் புருஷன் ஓடிவந்து நம் கதவைத் தட்டினார். நான் மிஷினைத் தூக்கினேன். நீ அரத்தையும் வேறு செயின் ஒன்றையும் துணியில் சுற்றிக்கொண்டாய்.

"நீ எதுக்கு இந்த மழையில?" என்றேன்.

"வீட்டு மேல உழுந்த மரம். தகரமும் ஆணியுமாத்தான் இருக்கும். ஒரு செயின் தாங்காது."

நீ சொன்னபடிதான் ஆனது. கொஞ்சம் அறுப்பதற்குள் பொறி பறந்தது. செயினைக் கழற்றி உன்னிடம் எறிந்துவிட்டு மற்றதை மாட்டினேன். நீ இடிந்த சுவரோரம் உட்கார்ந்து, சந்திராவின் புருஷன் உன் தலைக்கு மேல் தார்ப்பாய் பிடித்துக்கொள்ள, மடியில் செயினை வைத்துத் தீட்டினாய். உன் விரல்களில் ரத்தம் கசிந்தது. ஒன்று மழுங்கும்போது மற்றது தயாராக இருந்தது. கை அதுபாட்டுக்குத் தேய்க்க, வாய் உள்ளே கிடந்தவளோடு பேசிக்கொண்டே இருந்தது.

"சந்திரா, முழிச்சினு இரு. நேத்து இன்னா கொழம்பு வெச்ச?"

"வஞ்சிரம்" என்று உள்ளேயிருந்து மெல்லக் குரல் வந்தது.

"உன் வீட்டுக்கு வஞ்சிரம், எனக்கு மட்டும் சங்கராவா? வெளிய வா, பேசிக்கலாம்."

கடைசிக் கிளையை அறுத்துத் தள்ளியதும் நாலு பேர் சேர்ந்து அவளை வெளியே இழுத்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. உன் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை, அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

போன வருஷம் தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு புளிய மரத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். நேராகப் போக வேண்டிய ரம்பம் ஒரு பக்கமாக இழுத்தது. மறுநாளும் அப்படித்தான். மிஷினில் கோளாறு என்று கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. செயினை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நீ இடது கையால் தீட்டிய பற்கள் பளபளவென்று இருந்தன. வலது கையால் தீட்டியவை மேலோட்டமாகக் கீறப்பட்டு, அப்படியே மழுங்கலாக நின்றன. உன்னிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நீயே என் சட்டையைக் கிள்ளிப் பார்த்தாய்.

"பாதி மாவு, பாதி செதிலு" என்றாய். உன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அரத்த புடிக்கிறேன் மாமா. புடிச்சினு இருக்கேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா அந்தப் புடி அங்க இல்ல."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துத் தலைக்குள் கட்டி என்றார்கள். நெல்லிக்காய் அளவு என்று டாக்டர் விரலைக் குவித்துக் காட்டினார். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தாய். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒரு சாயங்காலம் மேஜையைக் கண்ணால் காட்டினாய். நான் மிஷினைக் கட்டி வைத்து அரத்தை எடுத்தேன். அதுவரை எனக்கு அந்த வேலை தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். திரும்பும்போது அரம் பல்லில் உரசினால் உன் புருவம் சுருங்கும். சரியாகப் போனால் நெற்றி விரியும். மாதாவிடம் உன் பேச்சை மட்டுமாவது திருப்பிக் கொடு என்று வேண்டிக்கொண்டிருந்தவன், கடைசியில் அந்தப் புருவம் அசைந்தால் போதும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

மாதா அதையும் கொடுக்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மத்தியானம், நான் கீழே டீ வாங்கப் போயிருந்தபோது நீ போய்விட்டாய். டீயோடு வந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உன்னைப் பார்க்க வந்திருந்த சந்திரா காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து, என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

அப்புறம் மிஷினைத் தொடவில்லை. இன்று ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், அந்த மரம் ஒரு வீட்டின் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. வீட்டில் ஒரு வயதான அம்மாள் மட்டும்தான். இந்த ஊர்க்காரர்தான், பிரான்சில் வாழ்ந்துவிட்டு அண்மையில் திரும்பி வந்தவர்; அதனால் தெருவே அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்கிறது. நான் நடைபாதையில் உட்கார்ந்து தீட்டுவதை அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டிய மட்டும் தேய்த்துவிட்டு மரத்தில் வைத்தேன். ரம்பம் நேராக இறங்கியது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. அறுத்து முடித்ததும் மதாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இவ்ளோ நல்லா தீட்டுறீங்களே, யாரு கத்துக்குடுத்தது?"

"வீட்டுலதான் மதாம்."

"அப்படியா? வீட்டுல இருக்காங்களா? ஒருநாள் கூட்டிக்கினு வாங்க, பாக்கணும்."

தண்ணீரைக் கீழே வைத்தேன். நீ போனது நம் தெருவுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும், மீன் மார்க்கெட்டுக்குத் தெரியும். எவருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளில் அந்தச் சொல்லை என் வாயால் சொன்னதே இல்லை.

"இல்லைங்க" என்றேன்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மதாமும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

நாளைக்கு இன்னொரு தெருவில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். சாயங்காலம் செயினைத் தீட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அரம் பிடித்திருக்கும் நேரம் மட்டும் என் கை உன் கையாக இருக்கிறது. கீழே வைத்ததும் வெறும் கை.