சட்பரியைக் கேட்டு வாங்கியவள்

பங்குனி, வெள்ளி இரவு.

மருத்துவப் படிப்பை முடித்த மகள், குடும்ப வைத்தியப் பயிற்சிக்கு, ரொறன்ரோவிலிருந்து தூர வடக்கே இருக்கிற சட்பரி நகரைத்தான் முதல் விருப்பமாகக் கொடுத்திருந்தாள். அங்கே டாக்குத்தர்கள் குறைவாம். கேட்டதே கிடைத்தது.

கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கையில் பவானி அக்கா, "பிள்ளைக்கு எங்கை கிடைச்சது?" என்றார். கலியாணமாகாத பிள்ளை தானாகவே அவ்வளவு தூரம் போகிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ரொறன்ரோ கிடைக்கேல்லை அக்கா. சட்பரிக்குத் தள்ளிவிட்டாங்கள்," என்றேன், முருகனுக்கு முன்னால்.

அக்கா, பக்கத்தில் நின்ற என் மகளின் தலையைத் தடவினார். "கவலைப்படாதை பிள்ளை. இன்னும் கொஞ்சம் கவனமாப் படிச்சிருக்கலாம்."

"ஓம் அன்ரி, படிச்சிருக்கலாம்," என்றாள் மகள், என்னைப் பார்க்காமலே.

வகுப்பில் முதலாவதாக வந்தவள், என் பொய்யைக் காப்பாற்ற படிப்பு ஏறாத மொக்காகி நின்றாள்.

காரில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கோ அம்மா, பனிச் சப்பாத்து வாங்கவேணும்," என்றாள்.

அக்காவுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்ல வேண்டும். இன்றே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.