உங்கள் முழங்கை உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

சிஸ்டர்,

இன்று காலை நம் கேட்டின் தாழ்ப்பாளுக்கு கிரீஸ் போட்டேன். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். இந்த வருஷம் தனியாகப் போட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் விரலை விட்டு வாசனை போகவில்லை. மதியம் ரசம் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் அங்கேயும் கிரீஸ். அப்படியே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, உப்பு ஜாஸ்தியா?" என்றார். இல்லை என்றேன். என் விரலைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார், தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், நீங்கள் ஆஸ்பத்திரியில் சிஸ்டர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. இரண்டு பேரும் ரிட்டையர் ஆன பிறகும் நான் உங்களுக்கு டீச்சர்தான், நீங்கள் எனக்கு சிஸ்டர்தான். நடுவில் ஒரு மதில். அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் பேசுவீர்கள், இந்தப் பக்கத்திலிருந்து நான் பேசுவேன். நீங்கள் குள்ளம் என்பதால் பேசும்போது உங்கள் கொண்டை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அந்த மதிலைப் புயல்தான் உடைத்தது. என் வீட்டுத் தென்னை சாய்ந்து, ஒரு ஆள் நுழைகிற அகலத்துக்குச் சுவரைக் கீழே தள்ளிவிட்டது. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோது நீங்கள் இடிந்த செங்கல்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தீர்கள். முதல் தடவையாக உங்கள் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது.

"எதுக்கு டீச்சர் அடைக்கணும்? ஒரு கேட்டு போட்டுக்கலாமே. தெருவைச் சுத்திக்கிட்டு வர்றதுக்கு இது எவ்ளோ சௌகரியம்."

போட்டோம். இரண்டு பக்கமும் ஆடுகிற கேட்டாகவே போட்டோம், யாரும் தன் பக்கம் இழுத்துத் திறக்க வேண்டாம், தள்ளினால் போதும் என்று. தாழ்ப்பாள் வைக்கும்போதுதான் வெல்டிங் பட்டறைக்காரர் கையில் போல்ட்டை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா, எது உள்ள, எது வெளிய?"

நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெருக்கதவுக்கு அந்தச் சந்தேகம் வராது. வீடு உள்ளே, தெரு வெளியே. இங்கே இரண்டு பக்கமும் வீடு. அவர் பதிலுக்குக் காத்திருக்காமல், தான் நின்றுகொண்டிருந்த உங்கள் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சங்கடம். நீங்கள் நினைத்தால் வரலாம். நான் வருவதென்றால் கேட்டருகே நின்று "சிஸ்டர்!" என்று கூப்பிட வேண்டும். நீங்கள் கையில் மாவோடு ஓடிவருவீர்கள். உங்களுக்கும் அது பிடிக்கவில்லை. "என்னமோ நான் பர்மிஷன் குடுக்குற மாதிரி இருக்குது டீச்சர்" என்று, என் பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னீர்கள். வைத்தோம். அது இன்னும் மோசம். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற பேங்க் கணக்கு போல ஆகிவிட்டது. யாராவது ஒருவர் மறந்துபோய்ப் போட்டுவிட்டால் மற்றவர் நிற்க வேண்டியதுதான்.

தாழ்ப்பாளே வேண்டாம் என்று கழற்றியும் பார்த்தோம். உங்கள் வாசல் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். பிரஷர் பார்க்க, புண்ணுக்குக் கட்டுப்போட என்று தெருவே உங்களிடம் வரும். அவர்கள் பின்னாலேயே ஆடுகளும் வரும். உங்கள் தோட்டத்தில் நிற்காமல் நேராக என் கீரைப் பாத்திக்குத்தான் போகும்.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம். நான் சோப்பு டப்பா அட்டையைக் கத்தரித்து, குண்டூசி குத்தி, மாதிரி மாதிரியாகச் செய்வேன். நீங்கள் காபி தம்ளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்வீர்கள். "சுருள் கம்பி வேணாம் டீச்சர், தேவனாம்பட்டினத்துலேர்ந்து வர்ற உப்புக்காத்துக்கு ஆறு மாசம் தாங்காது." "நேரா ஓட்டையில போயி உக்கார்ற மாதிரி வைக்காதீங்க. கேட்டு தொங்கிப்போச்சுன்னா ஓட்ட ஒரு இடம், போல்ட்டு ஒரு இடம்." என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்து, "ரெண்டு பேரும் ராக்கெட்டு விடப் போறீங்களா?" என்பார்.

அப்போதே உங்கள் விரல்கள் மடங்க மறுத்துக்கொண்டிருந்தன. காலை வேளைகளில் தம்ளரை இரண்டு உள்ளங்கைகளால்தான் பிடிப்பீர்கள். நான் எதையாவது விரலால் பிடித்துத் திருகுவது போலச் செய்தபோதெல்லாம் நீங்கள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள்தான் சொன்னீர்கள்.

"ஆபரேஷன் தியேட்டர்ல குழாய எதால தொறப்போம் தெரியுமா? முழங்கையால. கைய சுத்தமா கழுவிட்டா அப்புறம் எதையும் தொடக் கூடாது. கதவுன்னா இடுப்பு. சர்வீஸ் பூரா நான் கையால தொறந்த கதவு கம்மி டீச்சர்."

எனக்கு அன்றைக்கு எல்லாம் ஒரே நேரத்தில் பிடிபட்டது. இடுப்பில் குழந்தையை வைத்தால் அது காலை இரண்டு பக்கமும் போட்டுக் கவ்விக்கொள்ளும். நாம் குனிந்தாலும் சாய்ந்தாலும் நழுவாது. அதைப்போல இரும்புப் பட்டையைக் கவட்டையாக வளைத்து, அதன் அடியைக் கேட்டில் ஒரே ஒரு போல்ட்டில் மாட்டிவிட வேண்டும். அதன் இரண்டு காலும் பக்கத்துத் தூணை இந்தப் புறமும் அந்தப் புறமும் கவ்விக்கொள்ளும். தூக்கினால் திறக்கும். விட்டால் தன் எடையில் தானே விழும். கால் நீளமாக இருந்தால் கேட் கொஞ்சம் தொங்கினாலும் பிடி விடாது. அசைகிற இடம் ஒன்றே ஒன்று, அங்கே மட்டும் கிரீஸ். எந்தப் பக்கம் நிற்பவரும் ஒரே மாதிரி தூக்கலாம். உள்ளே வெளியே கிடையாது.

நீங்கள் அட்டை மாதிரியை முழங்கையால் தட்டிப் பார்த்தீர்கள். குண்டூசி தெறித்துப்போய் அட்டை காபியில் விழுந்தது. "பாஸ்" என்றீர்கள்.

முதலில் செய்த கவட்டைக்கு எடை போதவில்லை. தாழ்வாகவும் வைத்துவிட்டோம். கருப்பு ஆடு ஒன்று தலையைக் கொடுத்து நிதானமாகத் தூக்கிவிட்டு என் கீரையை நோக்கி நடந்தது. "ஆட்டுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? டீச்சர் வீடாச்சே" என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் கவட்டையைக் கனமாக்கி மேலே ஏற்றினார். எவ்வளவு மேலே என்று கேட்டபோது உங்களைத் தூணருகே நிற்க வைத்தேன். நீங்கள் கையை மடக்கி விறைப்பாக, போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றீர்கள். முழங்கை இருந்த இடத்தில் அவர் சாக்பீஸால் கோடு போட்டார். நான் உயரம். இன்றைக்கும் அந்தத் தாழ்ப்பாளைத் தூக்க எனக்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு நாம் அழைத்துக்கொள்வதே நின்றுபோனது. கவட்டை விழுகிற சத்தம் கேட்டால் நீங்கள் வருகிறீர்கள் என்று நான் இன்னொரு தம்ளரை எடுப்பேன். தவக்காலத்தில் நீங்கள் காபியை விட்டுவிடுவீர்கள். ஆனாலும் நான் டிகாக்‌ஷன் இறக்குகிற நேரத்துக்குச் சரியாக வந்து அடுப்பருகே நின்று மூச்சை இழுப்பீர்கள். "வாசனைக்குப் பாவம் கெடையாது டீச்சர். நான் ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன்." கேட்டிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நாம் ஒன்றைச் சேர்க்க மறந்திருந்தோம் என்பது உங்களுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் புரிந்தது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று செய்தோமே, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல அதில் வழியே வைக்கவில்லை.

சிதம்பரத்தில் ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்து, நீங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். காலையில் இட்லித் தட்டோடு வந்தேன். முழங்கையால் தூக்கினேன். கவட்டை அசையவில்லை. குனிந்து பார்த்தால், அதன் இரண்டு கால்களையும் தூணோடு சேர்த்து வெள்ளைக் கட்டுத்துணியால் சுற்றியிருந்தீர்கள். புண்ணுக்குப் போடுகிற கட்டைப் போலவே சுத்தமான கட்டு. முனையைச் செருகி, தட்டையான முடிச்சு. மடங்காத விரல்களால் அதைப் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

அவிழ்ப்பது எனக்கு ஒரு நொடி வேலை. உங்களைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது என்பதும் உண்மை. உங்களுக்கு முடி கொட்டிவிட்டதென்று உங்கள் மகன் போனில் சொல்லியிருந்தான். மதிலுக்கு மேல் நான் பல வருஷம் பார்த்துப் பேசிய அந்தக் கொண்டை இல்லை. உள்ளே நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, சாப்பிட்டீர்களா, தண்ணீர் எடுத்துக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கட்டியது நீங்கள். தட்டைத் தூண்மேல் வைத்துவிட்டு நின்றேன்.

நிற்க நிற்க எனக்கு ஒன்றுதான் தோன்றியது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று பேசிப் பழகிய குரல்தானே. உங்கள் அடுப்படி ஜன்னலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். "சிஸ்டர், முருங்கையில கம்பளிப்பூச்சி வந்திருக்குது. அந்தப் பக்கம் வராதீங்க." ஜன்னல் திறக்கவில்லை. "கருப்பாடு குட்டி போட்டிருக்குதாம். ரெண்டாம்." "தட்டை இங்க வச்சிருக்கேன். நான் போறேன்." வீட்டுக்குள் வந்து ஜன்னலோரம் நின்று பார்த்தேன். வெகுநேரம் கழித்து ஒரு கை மட்டும் நீண்டு தட்டை எடுத்துக்கொண்டது.

மறுநாளும் கட்டு இருந்தது. அதற்கு மறுநாளும். நான் தினமும் வந்து நின்று செய்தி சொல்லிவிட்டுப் போனேன். என் வீட்டுக்காரர்கூட, "அவுத்துட்டுப் போயேன். அவுங்க என்ன, வெட்டிடவா போறாங்க?" என்றார். எனக்கு மனசு வரவில்லை.

ஒரு காலையில் கட்டு இல்லை. கவட்டை தூணைக் கவ்வியபடி வெறுமனே இருந்தது. நீங்கள் அடுப்படி வாசலில் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"அவுத்துட்டு வருவீங்கன்னு தெனம் பாத்துக்கிட்டிருந்தேன் டீச்சர்."

"வந்திருந்தா?"

"திட்டியிருப்பேன்."

"வரலையே."

"அதுக்கும் திட்டணும் போலத்தான் இருக்குது."

சிரித்தீர்கள். சிரிக்கும்போது துண்டு நழுவியது. நீங்கள் அதை எடுக்கவில்லை. நான் உங்கள் தலையைப் பார்த்தேன், நீங்கள் பார்க்கவிட்டீர்கள். "குரல் மட்டும் அப்படியே இருக்குது உங்களுக்கு. கெடிலம் ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். கம்பளிப்பூச்சி சமாச்சாரம் தெரு பூரா தெரிஞ்சிருக்கும்" என்றீர்கள்.

அப்போது நான் உள்ளே வராமல் நின்ற அந்தக் காலைகளை இப்போது நினைத்துக்கொள்கிறேன் சிஸ்டர். நான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. ஆனாலும் அவை எனக்கு வேண்டும். உங்களோடு உட்கார்ந்திருக்கக்கூடிய காலைகள் அவை. ஒன்றையாவது யாராவது திருப்பித் தந்தால், திட்டு வாங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

பிறகு மறுபடியும் சிதம்பரம். கடலூர் பஸ் நிலையத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு வருவேன். வார்டில் உங்கள் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை தொங்கும். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது, முடிச்சும் கிடையாது, ஒரு விரலால் விலக்கலாம். நான் ஒவ்வொரு தடவையும் வெளியே நின்று, "சிஸ்டர், வரலாமா?" என்று கேட்பேன். உள்ளேயிருந்து "ம்" என்று வரும். வராத நேரம் நின்றுகொண்டிருப்பேன். அங்கே வேலை பார்க்கும் இளம் நர்ஸ்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அப்படிக் கேட்டேன். கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது, மிகவும் மெல்ல.

"என்ன டீச்சர், இன்னும் கேட்டுக்கிட்டு. இனிமே கேக்காம வாங்க."

திரையை விலக்கி வந்து உட்கார்ந்தேன். பிளாஸ்க்கைத் திறக்கச் சொன்னீர்கள். குடிக்க முடியவில்லை. மூச்சை மட்டும் இழுத்தீர்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்தேன். நீங்கள் சொன்னபடி கேட்கவில்லை. திரையை நானே விலக்கினேன். கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள்.

இப்போது உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. கேட்டில் கட்டு எதுவும் இல்லை. காலையில் குனிந்து முழங்கையால் தூக்கினால் திறக்கிறது. உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அடுப்படி வாசல்வரை போகிறேன், அதற்கு மேல் போக முடியவில்லை. கேட்காமல் வரலாம் என்று நீங்கள் கொடுத்த அனுமதி என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எங்கே வருவது என்றுதான் தெரியவில்லை, சிஸ்டர்.