முன்னறையில் ஒரு கட்டில் போட

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளாகக் காயவில்லை.

மனைவி ராஜத்துக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டர். ஆனால் மூன்று மாதத்துக்கு மாடிப்படி கூடாது. எங்கள் படுக்கையறை மாடியில். கீழே இருப்பது முன்னறை ஒன்றுதான். அதில் மனிதர் படுத்துப் பல வருஷம் ஆகிறது.

சாயங்காலம் பிசியோதெரபிப் பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். கையோடு ஒரு வாக்கர். முன்னறை வாசலில் அதை வைத்துத் தள்ளினாள். இரண்டடி போயிற்று, தையல் மெஷினில் முட்டி நின்றது. நோயாளி எங்கே படுப்பார் என்று தெலுங்கில் கேட்டாள். நானும் அந்த அறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் கீதா உப்பலிலிருந்து போன். "அப்பா, பேசாம அம்மாவ நேரா இங்க கூட்டிட்டு வந்துடறேன். லிஃப்ட் இருக்கு. த்ரீ மன்த்ஸ்தானே."

த்ரீ மன்த்ஸ்தானே. அங்கே இரண்டு அறை, நான்கு பேர். நான் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குப் படுக்க இடமில்லை, அவ்வளவுதான். ஆக ராஜம் அங்கே, நான் இங்கே செகந்திராபாத்தில், சைனிக்புரி வீட்டில். இந்த ஒரு வாரத்துக்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. இந்த வயதில் இதை மகளிடம் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமைக்குள் அறை காலியாக வேண்டும்.

உள்ளே இருப்பவை, வாசலில் நின்று தெரிந்த வரை: தையல் மெஷின். பெரிய முதுகு டிவி. கம்ப்யூட்டர் பெட்டி. செத்த இன்வெர்ட்டர் பேட்டரி. பேப்பர் கட்டுகள். என் எக்ஸர்சைஸ் சைக்கிள் (சட்டை மாட்ட உபயோகம்). சுவரோரம் எரியாத டியூப்லைட்டுகள். பெயிண்ட் டப்பாக்கள். இலவம்பஞ்சு மெத்தை. டிரங்குப் பெட்டி. அதற்குப் பின்னால் என்ன என்று தெரியவில்லை.

உத்தியோகம் முழுக்கக் கம்பெனி ஸ்டோர்ஸில். எதையும் எறியக் கூடாது, நாளைக்கு யாராவது கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரி. ராஜத்தின் முகத்தில் கொஞ்சம் தெளிவு. உப்பல் யோசனையைச் சொன்னேன்.

"மக வூட்ல விருந்தாளியா படுத்துக்கினு தண்ணி கேக்கறதா? நக்கோ, வேணவே வேணாம். நீங்க ரூமைக் காலி பண்ணுங்க."

"எதை என்ன செய்யறது?"

"கைக்கு? எதுக்கு என்னக் கேக்கறீங்க? பாதி உங்க சாமான். எங்கனா ராத்திரியோட ராத்திரியா காலி மனையில கொட்டிட்டு வராதீங்க. மாடு தின்னும். ஏரிக்குப் போவும். ஒவ்வொண்ணும் அதது போற எடத்துக்குப் போவணும்."

டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அவள் கல்யாணச் சீர் எவர்சில்வர். பாதிக்கு மேல் அடுப்பைப் பார்த்ததே இல்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "குடுத்துடுங்க. எடைக்கு வாங்கற கபாடிக்கு நக்கோ. அதுல யாராவது பொங்கித் தின்னணும்."

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு மருமகள் ஊட்டிவிடுகிறாள். ராஜம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரும்போது ரொட்டி, பால், கொசுவர்த்தி. பால் மறந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மழை விட்டது. பழைய சாமான் வாங்கும் யூசுஃப் காலையிலேயே தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். பேப்பர், இரும்பு, பித்தளைக் குழாய் எல்லாம் மளமளவென்று ஏறின. டியூப்லைட்டைக் காட்டியதும் கையை உதறினார். "ஏ நக்கோ சாப். டூட்டா தோ ஜஹர் ஹை." உடைந்தால் விஷம். டிவியும் வேண்டாமாம். சைக்கிளைப் பார்த்து, இதில் ஏறி எங்கே போவது என்று சிரித்தார். எடைக்குக்கூட எடுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான்.

பேட்டரி கொடுத்த கடைக்காரரையே கூப்பிட்டேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். பழையதை அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். நான்கு வருஷமாக அதைச் சுற்றி நடந்திருக்கிறேன்.

மின் சாமான் சேகரிக்கும் ஆட்களுக்குப் போன். உப்பலில் பிரித்தெடுக்கும் யூனிட்டாம். சனிக்கிழமை வேன் வரும். டியூப்லைட்டை உடைக்காமல் அட்டையில் சுற்றி வைக்கச் சொன்னார்கள்.

மிச்சமிருந்த நீல பெயிண்ட் எதிர்வீட்டு கேட்டுக்கு. அவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிட.

முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் தரை தெரிகிறது. சிவப்பு சிமெண்ட் தரை என்பதே மறந்துபோயிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் போலாரம். அங்கே ஒரு பெண் பிள்ளைகள் ஹாஸ்டல். வார்டன் சுஜாதா மேடம் தெலுங்குக்காரர், தமிழ் கொஞ்சம் பேசுவார். பாத்திரம் தேவைப்படுகிறது என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

சமையலறைத் திண்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அண்டா, தவலை, அடுக்கு, சம்படம், தட்டு, டம்ளர். என் மாமனார் ஒன்றையும் விடவில்லை. கரண்டிக் காம்பில்கூட P. RAJAM. தமிழில் வெட்ட செகந்திராபாத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் வெட்டி வாங்கினாராம். புள்ளி புள்ளியாக அந்தப் பெயர். திண்டு முழுக்க அவள் பெயராக இருந்தது. ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் வராத அழுகை, போயும் போயும் ஒரு ரசக்கரண்டியைப் பார்த்து வந்தது.

மேடம் பெயரைப் படித்தார். "மீ மிஸஸ்?" என்றார், உங்கள் மனைவியா என்று. தலையசைத்தேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. டீயும் பிஸ்கட்டும் வரவழைத்து, என் எதிரே உட்கார்ந்திருந்தார். விலாசம் வாங்கிக்கொண்டார். இங்கிதம் தெரிந்தவர்.

"டெய்லி இதுலயே வண்டுவோம் சார். மீரு ஒர்ரி ஆகாதீங்க." தினமும் இதிலேயே சமைப்பார்களாம், நான் கவலைப்பட வேண்டாமாம்.

காலிப் பெட்டியோடு வெளியே வந்தபோது உடம்பே லேசாக இருந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பெட்டி இன்னும் கையில் இருப்பது உறைத்தது. திரும்பிப் போய் அதையும் கொடுத்தேன். பிள்ளைகள் துணி வைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 12, சனி

வேன் வந்தது. டிவி, கம்ப்யூட்டர், டியூப்லைட்டுகள், ஒரு பை நிறைய சார்ஜர். எந்த போனுக்கு எது என்று கடவுளுக்கே தெரியாது. ரசீது கொடுத்தார்கள். வாங்கிய கையோடு பழக்க தோஷம், ஃபைலில் போடப் போனேன். எந்த ஃபைல்? அதெல்லாம் யூசுஃப் வண்டியில் போய்விட்டது.

காலாவதி மாத்திரைகள் ஒரு டப்பா. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், கொண்டுபோய்ப் போட்டேன். சிலது என் அம்மாவின் மாத்திரை. அவள் போய் எத்தனையோ வருஷம்.

மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அடித்து நான்கு தலையணை. பஞ்சுக்காரர் வாசலிலேயே செய்து கொடுத்தார். தெரு முழுக்கத் தும்மல்.

தையல் மெஷினை கீதா எடுத்துக்கொள்கிறாள். "சும்மா டெகரேஷனுக்குப்பா." அப்படியானால் அவள் வீட்டிலும் ஆரம்பம்.

எதிர்வீட்டார் இரண்டு பேரும் நானுமாகக் கட்டிலைக் கீழே இறக்கினோம். ஜன்னலோரம் போட்டேன். வாக்கரை வாங்கி வந்து நானே தள்ளிப் பார்த்தேன். வாசலிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து பாத்ரூம். எங்கும் முட்டவில்லை. கீதாவுக்கு போன் செய்து, அம்மா இங்கேதான் வருகிறாள் என்றேன். "ஷூர் ஆ அப்பா?" என்றாள். ஷூர்.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டேன். பெரிய மூச்சு.

ஜூலை 13, ஞாயிறு

போனாலு, ஊர் அம்மன் திருவிழா. வழியெல்லாம் கூட்டம், மேளம். கார் சுற்றிச் சுற்றி வந்தது. ராஜம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை நசுக்கினாள். வீட்டுக்குள் வாக்கரோடு நுழைந்தவள் முன்னறை நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். "இவ்ளோ பெரிய ரூமா இது?" அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும்.

சாயங்காலம் நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

வாசலில் ஆட்டோ. சுஜாதா மேடமும் இரண்டு பெரிய பெண்களும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், சாமந்தி மாலை, பேப்பரில் சுற்றிய ஒரு பலகை. மூவரும் தலைகுனிந்து உள்ளே வந்தார்கள். மேடம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாலை போடப் படம் எங்கே என்பதுபோல் சுவரைப் பார்த்தார். பிறகு பலகையைப் பிரித்தார். கறுப்புப் பெயிண்டில், இங்கிலீஷில்: 'பி. ராஜம் நினைவாக'. சாப்பாட்டு அறையில் மாட்டுவதற்காம்.

அதற்குள் கட்டிலிலிருந்து குரல். "யாருங்க? உக்கார சொல்லுங்க. ஆயியே மேடம்."

மேடம் திரும்பினார். "மீரு...?"

"நான் ராஜம்."

ஒரு பெண் மாலையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மேடத்துக்கு முகமெல்லாம் வேர்வை. தெலுங்கிலும் தமிழிலுமாகச் சொன்னார்: ஹாஸ்டலுக்குப் பெயர் வெட்டிய பாத்திரம் மொத்தமாக வந்தால் அது போனவர்கள் நினைவாகத்தான் வரும், எப்போதும் அப்படித்தான், அன்றைக்கு சாரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார், அதனால்...

ராஜம் என்னைப் பார்த்தாள். "அழுதீங்களா?"

"கொஞ்சம்."

"கரண்டிக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஐயோ வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். மேடம் முதலில் அழுதார், பிறகு அவரும் சிரித்தார். பெண்கள் நேற்று ராஜத்துக்காகப் பிரார்த்தனை வேறு செய்தார்களாம்.

"பொங்கித் தின்னீங்களா அதுல?" என்று அந்தப் பெண்களைக் கேட்டாள் ராஜம்.

"புளிஹோரா, புளிசாதம் ஆன்ட்டி. பெரிய அண்டாவுல."

"ஹவ், அப்படியா? நல்லா இருந்துச்சா?"

"காரம் தக்குவ, கொஞ்சம் கம்மி."

"அது போதும் எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பலகையை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தாள். "நினைவாகன்றத மட்டும் அழிச்சிடுங்க மேடம். பேரு இருக்கட்டும். மாலைய வீணாக்க வேணாம், வாசக்காலுக்குக் கட்டுங்க."

கட்டினேன்.

ஜூலை 14, திங்கள்

வெயில். வேட்டி காய்ந்தது.

காலையில் ராஜத்துக்குக் கோபம். ஒவ்வொரு தடவை எழும்போதும் நான் ஓடிப்போய் அக்குளில் கை கொடுக்கிறேனாம். "வுடுங்க. வாக்கர் எதுக்கு? உங்கள நம்பி எழுந்தா உங்களத்தான் தேடணும்." கொஞ்சம் சுருக்கென்றது. விலகி நின்றேன். எழும்போது தள்ளாடினாள். கட்டிலில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பிசியோ பெண் வந்தாள். அறையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். மூலையில் நிற்கும் சைக்கிளைக் காட்டி, அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு மாதம் கழித்து ஆன்ட்டிக்கு அதுதான் பயிற்சி என்றாள். ராஜம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சட்டைகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

கீதா ரசம் சாதம் கொண்டுவந்தாள். அம்மாவுக்கென்று உப்பலில் தனியாக எடுத்து வைத்திருந்த துணிப் பையையும். "இருக்கட்டும்மா, எதுக்கும்" என்று பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஏழு மணிக்குக் குப்பை ஆட்டோ. ஈரம் தனி, காய்ந்தது தனி. மெத்தைத் தூசி, கிழிந்த உறை, உடைந்த பீங்கான், கடைசி மூட்டை. அதோடு எல்லாம் முடிந்தது. ஆட்டோக்காரர் என்ன சார், வீடு மாறுகிறீர்களா என்றார். இல்லை என்றேன்.

கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். வாசற்படியில் ராஜம். தனியாக. வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியில் வேர்வை, மூச்சு வாங்குகிறது. கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம், யாரையும் கூப்பிடாமல்.

ஓடிப்போய்க் கை கொடுக்கவில்லை. அங்கேயே நின்றேன்.

"என்ன பாக்கறீங்க? அந்தப் பைய கீதாவுக்குத் திருப்பி அனுப்பிடுங்க. உள்ள வாங்க, பால் பொங்கப் போவுது."