டென்ட்டுக்குள் போட்ட சாம்பிராணி

வைகாசி, ஞாயிறு இரவு.

சாயங்காலம் மலையிலிருந்து மந்தாரக்குப்பம் வந்து சேர்ந்தோம். போகும்போது விமானத்தில் காது அடைத்துப் பேத்தி வீறிட்டு அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டி, மடியில் போட்டுத் தூங்கவைத்தேன். "அத்த, நீங்க இல்லன்னா என்னா பண்ணியிருப்போம்" என்றாள் மருமகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை மகனும் மருமகளும் அருவி பார்க்கப் போனார்கள். நான் பிள்ளையைக் குளிப்பாட்டி, வீட்டில் செய்கிற மாதிரி, வெளியே மூட்டியிருந்த நெருப்பிலிருந்து கங்கு எடுத்து வந்து சாம்பிராணி போட்டேன். குளிர் வரக்கூடாதென்று நாங்கள் தங்கியிருந்த டென்ட்டின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டேன். பிள்ளைக்குத் தலை தொங்கியது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்த மருமகள்தான் வெளியே தூக்கி ஓடினாள். காற்றுப் பட்ட பிறகுதான் அழுதாள்.

இருபது வருஷம் கரி அடுப்பில் சமைத்தவள் நான். ஒருநாளும் ஜன்னலை மூடிவிட்டுப் பற்றவைத்ததில்லை.

அடுத்த மாதம் முதல் பிள்ளையை என்னிடம் விடுவதாக இருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது மகன், "வேணாம்மா, அங்கியே கொழந்தைங்கள வுட்டுட்டு வேலைக்குப் போற எடம் ஒண்ணு பாத்துக்கினு இருக்கோம். ஒனக்கு எதுக்குக் கஷ்டம்" என்றான். அதற்கு அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

என்னை வீட்டில் இறக்கிவிட்டு அவர்கள் கிளம்பும்போது பிள்ளை "ஆயா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.