துடைத்து வைத்த டின்

1991, புரட்டாசி, வியாழக்கிழமை.

மச்சினன் சொன்ன பழைய அம்பாசடரைப் பார்க்க, மெக்கானிக் காதர் பாயோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். இன்று போவது மச்சினனுக்கு மட்டும்தான் தெரியும்.

என்ஜின் ஓடும்போதே பாய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, எங்கேயாவது காற்று கசிகிறதா என்று என்ஜின் டியூப் நெடுகக் காட்டிக்கொண்டே வந்தார். என்ஜின் புகையோடு வரும் ஆயிலைப் பிடிக்கிற டின்னின் மூடியருகே புகை உள்ளே இழுபட்டது. "மூடி சரியா உக்காரல அண்ணாச்சி. இப்பத்தான் யாரோ தொறந்திருக்காவ" என்றார். என்ஜினை நிறுத்தித் திறந்தார். உள்ளே சொட்டு ஆயில் இல்லை.

வண்டிக்காரர் பெருமையாக, "ஒரு வருசமா அதத் தொட்டதே இல்ல" என்றார்.

"ஒரு வருசம் தொடலன்னா ரொம்பியில்லா இருக்கணும்? என்ஜின் ஆயில் கக்குறத மறைக்கத் தொடச்சிருக்காவ" என்று பஸ்ஸில் வரும்போது பாய் என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் ராஜபாளையத்தில் வீட்டுக்குள் நுழைந்தால், மச்சினன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான். "வண்டி முடிஞ்சிருச்சா அத்தான்?"

"யோசிக்கணும்" என்றேன். அவன் முகம் சுருங்கியது. என் வீட்டுக்காரி தம்பிக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கிய கையைப் பார்த்தேன். இவளிடம் எப்படிச் சொல்வது? ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன் நகக்கண்ணில் கறுப்பு ஆயில்.