முதல் பக்கத்துச் சிவப்பு

பேகம்பூர்,
திண்டுக்கல்.

அன்பு மச்சானுக்கு உங்கள் சபிஹாவின் ஸலாம். இங்கே நானும் மகள் நர்கீஸும் மாமியும் அல்லாஹ் கிருபையால் நலம். உங்கள் நலம்தான் தெரியவில்லை. போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே, “நெட்டு சரியில்ல புள்ள” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு நெட் வேண்டாம் பாருங்கள், அதனால் மஸ்கட் திரும்பும் வாஹித் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமி உங்களுக்காக நார்த்தங்காய் ஊறுகாய் கட்டினார்கள். உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? தெரியாமல் பாதியை எடுத்து வைத்துவிட்டேன். உங்களுக்கு வாய்வுத் தொல்லை என்றுதான் இன்னமும் நம்புகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே!

ஆபீஸில் ஒரு காரியம் நடந்தது. காற்றோ தண்ணீரோ ரத்தமோ, எது எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டுக் கலரில் காட்டுமே எங்கள் மென்பொருள், அதற்குப் புது வெப்சைட் வருகிறது. முதல் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. “பாத்தவுடனே ஆளு அப்படியே நின்னு போயிரணும்” என்றார் முதலாளி பிரபு சார். இன்ஜினியர் கிளெமென்ட் மூன்று படம் அனுப்பினார். ஒன்று காற்றாலை. இன்னொன்று நிலக்கோட்டை மல்லிகை வேனுக்குள் குளிர்காற்று சுற்றுவது. மூன்றாவதைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

ஊருக்கு வந்திருந்தபோது மதுரையில் ஸ்கேன் எடுத்தோமே, “பேரு போடாம சோதனைக்கு வச்சுக்கங்க தம்பி” என்று நீங்களே கிளெமென்டிடம் கொடுத்தீர்களே, அதுதான். உங்கள் இதயத்து ரத்தக்குழாய், மச்சான். பேர் இல்லாததால் கிளெமென்டுக்கே மறந்துவிட்டது போல.

ஆபீஸே அதைத்தான் அழகு என்றது. யாருடையது என்று தெரியாமல் பிரபு சார், “அந்தச் செவப்ப இன்னும் செத்த தூக்கலா வைம்மா” என்றார். அந்தச் சிவப்பு என்னவென்று எனக்குத் தெரியும். அடைத்தது போக மிச்சமிருக்கும் சந்தில் ரத்தம் முட்டி மோதிச் சீறுகிற இடம். அதை என் கையால் கூட்ட வேண்டுமாம். வீட்டில் முடித்துத் தருகிறேன் என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அதைத் திறந்து வைத்து வெறித்துக்கொண்டிருந்தேன். மாமி பின்னால் வந்து எட்டிப் பார்த்து, “மாஷா அல்லாஹ், மாதுளம்பூ கணக்கா எம்புட்டு அழகாருக்கு!” என்றார்கள். பெற்ற பிள்ளையின் நெஞ்சு அது என்று அவர்களுக்குத் தெரியாது. அடுப்படிக்கு ஓடிப் போய் அழுதேன். வெங்காயம் உரித்தேன் என்று சமாளித்தேன்.

மறுநாள் பிரபு சாரிடம் உண்மையைச் சொன்னேன். பாவம், மனுஷர் ஆடிப்போய்விட்டார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?” என்று உடனே எடுக்கச் சொன்னார். இப்போது முதல் பக்கத்தில் மல்லிகை வேன்தான். போகிறபோது, “ஆப்பரேஷன் என்னைக்கும்மா?” என்று கேட்டார். அதை உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்றேன்.

இழுத்துப் போடாதீர்கள் என்றார் டாக்டர். நோன்புப் பெருநாள் முடியட்டும் என்றீர்கள், முடிந்தது. இப்போது ஹஜ்ஜுப் பெருநாள் என்கிறீர்கள். அடைப்புக்கு நாள் கிழமை தெரியுமா மச்சான்? பயமா என்றால் சிரிக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் போன் கொஞ்சம் தாமதமானாலும் கை கால் ஓடுவதில்லை.

பெருநாளுக்குத் துணிமணி எதுவும் வேண்டாம், நீங்கள் வாருங்கள். டாக்டர் சரி செய்ததும் இன்னொரு ஸ்கேன் எடுப்போம். அதையும் கிளெமென்ட் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கட்டும். சிவப்பே இல்லாமல், ஒரே நீலமாய், சப்பென்று இருக்குமாம். எந்த முதலாளியும் அதை முதல் பக்கத்தில் போட மாட்டார். எனக்கு அந்தப் படம்தான் வேண்டும்.

வழியெல்லாம் அல்லாஹ் உங்களுக்குத் துணையிருந்து, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கள் வரவுக்குத் துஆ செய்யும்,
சபிஹா