நெல் காயுற ரோட்டுல பழகின கால்

என்கிட்ட எதையும் முழுசா சொல்லாமலே போய்ச் சேர்ந்த என் அன்பு மனுஷருக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேட்க வாய் வருது. நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்ல, பத்து மாசம் ஆச்சு. இன்னமும் காலையில ரெண்டு டம்ளர்ல டீயை ஊத்திட்டு, அப்புறம்தான் நினைப்பு வருது. அது கிடக்கட்டும். இன்னைக்கு எழுதுறது உங்க வண்டி விஷயம்.

ஆமா, அந்தச் சிவப்புக் காரேதான். ஞாயித்துக்கிழமை ஆனா கூம்பு மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் கோன்களை வரிசையா வச்சு, அதுக்கு நடுவுல வளைச்சு வளைச்சு ஓட்டி நேரம் பார்ப்பீங்களே, அந்தப் பந்தய வண்டி. எல்லாரும் வித்துடுன்னாங்க. நான் விக்கல. திருக்காட்டுப்பள்ளி அரிசி மில்லுக்குப் பின்னாடி இருக்கிற காலி மைதானத்துல பழைய பெயிண்ட் டப்பாவை வரிசையா வச்சு, யாருக்கும் சொல்லாம ஓட்டிப் பழகுறேன். வர்ற ஞாயிறு பட்டுக்கோட்டைப் பக்கம் போட்டி. பேர் கொடுத்துட்டேன். பகீர்னு இருக்கா? இருக்கட்டும்.

எத்தனை தடவை கேட்டிருப்பேன், நானும் ஒரு ரவுண்டு ஓட்டுறேங்கன்னு? "அடுத்த வருஷம் பார்ப்போம் செல்வி"ன்னே ஆறு வருஷத்தைத் தள்ளுனீங்க. பொம்பளைக்கு எதுக்குன்னு நினைச்சீங்களா? இவளால ஆகாதுன்னு நினைச்சீங்களா? அது தெரியாம எனக்கு மனசு ஆறவே இல்ல.

ஆனா பாருங்க, பிரேக் பிடிக்க மாட்டேங்குது. முதல் டப்பாவுக்கு முன்னாடியே காலை வச்சா, அது பாட்டுக்குப் போய் மூணாவது டப்பாவை இடிச்சுட்டு நிக்குது. நீங்க ஓட்டும்போது நினைச்ச இடத்துல நிக்குமே! பிரேக் ஆயில் குறையல, டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கு. அப்பவே எனக்குப் பொறி தட்டிடுச்சு. நீங்க போன பிறகு பேட்டரி மாத்துறதுக்காக வண்டி ரெண்டு நாள் மெக்கானிக் ஜமால் பாய் ஷெட்டுல நின்னுச்சு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற நல்ல பிரேக் பேடைக் கழட்டிக்கிட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டாரோ? "வித்துடும்மா, நானே நல்ல ஆளாப் பார்த்துத் தர்றேன்"னு வாரத்துக்கு ஒரு போன் வேற. உங்க நாகூர் சிநேகிதர்தான், ஒரே தட்டுல சாப்பிட்டவர்தான். அதனால என்ன? கூட இருந்தே குழி பறிக்கிறவங்க ஊர்ல இல்லையா?

நேத்து தஞ்சாவூர்ல அவர் ஷெட்டுக்குப் போனேன். பாய் டீ சொல்லப் போன நேரமாப் பார்த்து அலமாரியை நோட்டம் விட்டேன். மேல் தட்டுல ஒரு அட்டைப் பெட்டி. அதுல உங்க கோணல் எழுத்துல நம்ம வண்டி நம்பர்! கையும் களவுமா மாட்டினார்னு நினைச்சேன்.

"என்ன பாய் இது? என் வீட்டுக்காரர் போட்ட பேடைக் கழட்டி இங்க ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

பாய் முகம் சுண்டிப் போச்சு. "அல்லாவே! நானா? பெட்டியைத் திறந்து பாரும்மா."

உள்ள கவர் கூடப் பிரிக்காத புதுப் பேடு.

"வண்டியில இருக்கிறது அவர் மாட்டினதேதான்"னார். "அவர் காலுக்கு வாங்கினது. திருப்பம் வர்ற வரைக்கும் பிரேக்கைத் தொட மாட்டார், தொட்டா ஒரே மிதி. அந்தப் பேடு நல்லா சூடேறினாத்தான் பிடிக்கும். நீ எப்படி மிதிக்கிற?"

எப்படி மிதிப்பேன்? நீங்க சென்னையில வழுக்காத தார் ரோட்டுல ஓட்டிப் பழகின ஆளு. நான், அறுப்பு முடிஞ்சா பாதி ரோட்டுல நெல்லைக் காயப் போடுற ஊருல பழகினவ. நெல்லு மேல சடார்னு மிதிச்சா வண்டி வழுக்கிட்டுப் போய் வாய்க்கால்ல இறங்கிடும். தூரத்துல பார்த்ததுமே என் கால் பிரேக்குக்குப் போயிடும், தடவித் தடவித்தான் வேகத்தைக் குறைக்கும். மைதானத்துலயும் அதையேதான் பண்ணியிருக்கேன். பேடுக்குச் சூடே ஏறல, எங்கேருந்து பிடிக்கும்?

"இந்தப் புதுசு சூடில்லாமலே, மெதுவா மிதிச்சாலும் பிடிக்கும். அவருக்கு ஆகாது, நாலு ரவுண்டுல கருகிடும்"னு சொல்லிட்டு, பாய் மூடியோட உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'செல்வி காலுக்கு'ன்னு எழுதியிருந்தீங்க.

"மவுத்தாகுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வாங்கினார். அடுத்த போட்டிக்கு உன்னை இறக்கப் போறேன்னார். நீ ஓட்டுறது எனக்குத் தெரியாதேம்மா. சும்மா இதைக் கையில கொடுத்து உன்னை அழ வைக்கவான்னுதான் வச்சிருந்தேன்."

ஷெட்டுல வேலை செய்யுறவங்க எல்லாம் பார்க்க, ஓன்னு அழுதுட்டேங்க. போன குறுவை அறுப்பப்ப பக்கத்து சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, நான் பிரேக்கைத் தடவித் தடவிப் போறதைப் பார்த்து, "என்னடி, நெல்லுக்கெல்லாம் வணக்கம் வச்சுக்கிட்டே போறே?"ன்னு கேலி பண்ணுனீங்க. நான் ரெண்டு நாள் பேசல. அப்ப என் காலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா? பாவி மனுஷா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?

பாய்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "சந்தேகப்பட்டதுக்கு அபராதம், ஒரு வேளை மீன் குழம்பு"ன்னார்.

புதுப் பேடு மாட்டியாச்சு. இன்னைக்குக் காலையில முதல் டப்பாவுக்கு முன்னாடியே நின்னுச்சு. உங்க பேடைத் துடைச்சு, அதே பெட்டியில போட்டு, மூடியில என் பேருக்குக் கீழ 'அவர் காலுக்கு'ன்னு எழுதி டிக்கியில வச்சிருக்கேன். யார் கேட்டாலும் தர மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, என் கால் எப்படிப் பழகிச்சோ அப்படியேதான் ஓட்டுவேன், இது சத்தியம். பக்கத்து சீட்டைக் காலியா விடுறேன். கேலி பண்றதா இருந்தா தாராளமாப் பண்ணுங்க.

இப்படிக்கு,
உங்க சந்தேகப் பொண்டாட்டி
செல்வி